ஞாயிற்றுக்கிழமைக் கார்

காரில் கோயிலுக்குப் போவதற்காக விடியற்காலை பஸ் பிடிக்கிற மனிதர் ஒருவர் இந்த ஜில்லாவில் உண்டென்றால், அவர் இராஜாக்கமங்கலம் யேசுரத்தினம்தான். ஞாயிறுதோறும் ஐந்தே முக்கால் பஸ். நாகர்கோயிலில் இறங்கி, ரயில் நிலையத்துப் பக்கம் ஒரு காலி மனைக்கு நடப்பார். அங்கே நாலைந்து கார்கள் நிற்கும். வெள்ளைக் காரின் முன்னால் போய் நின்று, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, போனை எடுத்து ஒரு பச்சைப் பொத்தானை அழுத்துவார். காரின் விளக்கு இரண்டு தடவை மின்னும், கதவு திறக்கும். சாவி உள்ளே டப்பாவில் இருக்கும். ஏழரை மணிக்குக் கார் அவர் வீட்டு வாசலில் நிற்கும். மனைவி நேசபாய் பட்டுச் சேலை, பைபிள், பாட்டுப் புத்தகம் சகிதம் ஏறி உட்காருவாள். ஆராதனை முடிந்து, மதியச் சாப்பாடும் முடிந்து, மூன்று மணிக்குள் அதே மனையில் காரைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, மறுபடி பஸ்ஸில் வீடு.

கோயில் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர். அந்த இரண்டு கிலோமீட்டருக்காக மனிதர் பஸ்ஸில் போய்வருவது இருபத்தைந்து கிலோமீட்டர். இதில் என்ன லாபம் என்று யாராவது கேட்டால், கேட்டவருக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று அர்த்தம்.

அந்தக் கார்களுக்கு 'ஓட்டிக்கோ' என்று பெயர். எந்தக் காரும் யாருக்கும் சொந்தமில்லை. அதாவது கம்பெனிக்குச் சொந்தம். போனில் பேரைப் பதிந்து, லைசென்சைப் படம் பிடித்து அனுப்பிவிட்டால், வேண்டிய மணி நேரத்துக்கு யார் வேண்டுமானாலும் எடுத்து ஓட்டிக்கொள்ளலாம். திங்கட்கிழமை ஒரு சிமெண்ட் ஏஜெண்ட் எடுப்பார். செவ்வாய்க்கிழமை ஒரு குடும்பம் பொங்கல் பானையும் விறகுமாக மண்டைக்காட்டம்மனைப் பார்க்கப் போகும். வெள்ளிக்கிழமை யாரோ ஒரு புதுமாப்பிள்ளை திற்பரப்பு அருவிக்குக் கிளம்புவான். ஞாயிற்றுக்கிழமை யேசுரத்தினம்.

இந்த ஏற்பாட்டை அவருக்கு ஆரம்பத்திலேயே ரொம்பப் பிடித்துப்போயிற்று. காரணம் உண்டு. தம்மாமில் ஒரு சவுதி வீட்டில் இருபத்துநாலு வருஷம் டிரைவராக இருந்தவர். அந்த வீட்டில் ஆறு கார் நின்றது. ஆறையும் கழுவித் துடைத்தவர் அவர். ஒரு கார் எப்படி ஓடுகிறது என்பதைவிட, அது எவ்வளவு நேரம் ஓடாமல் நிற்கிறது என்பதை அவரைப்போல அறிந்தவர்கள் குறைவு. "வாங்குன வண்டி ஓடித் தேயாது கேட்டியா, நின்னு தேயும்" என்பார். ஊருக்குத் திரும்பியபோது அவரிடம் ஒரு வீடு இருந்தது, மகள் ஜினிஷாவின் படிப்பு முடிந்திருந்தது, கார் வாங்குகிற ஆசை மட்டும் கையிருப்பில் இல்லை. ஆனால் வீடு கட்டும்போதே கார் போர்ச் கட்டிவிட்டார்கள். கல்ஃப்காரன் வீட்டில் சமையலறை இல்லாவிட்டாலும் ஊர் மன்னிக்கும், போர்ச் இல்லாவிட்டால் மன்னிக்காது. அந்த போர்ச்சில் பன்னிரண்டு வருஷமாகத் தேங்காய்தான் காய்ந்தது.

நேசபாய்க்கு முழங்கால் வலி வந்தபோதுதான் எல்லாம் தொடங்கியது. ஜினிஷா நாகர்கோயிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவள்தான் அப்பாவின் போனில் 'ஓட்டிக்கோ'வை ஏற்றிக் கொடுத்தாள். "அம்மையக் கூட்டிட்டு ஒரு ஞாயிறு போயிட்டு வாங்கப்பா, சுகமாட்டு இருக்கும்" என்றாள். சுகமாகத்தான் இருந்தது, கோயில் வாசல் வரைக்கும்.

கோயில் வாசலில் சபை செக்ரட்டரி ஸ்டெனி நின்றுகொண்டிருந்தார். ஸ்டெனிக்குத் தெரியாத விஷயம் இந்தச் சபையில் கிடையாது. தெரியாவிட்டால் தெரிந்தமாதிரி சொல்லிவிடுவார், பிறகு அது அப்படியே ஆகிவிடும். வெள்ளைக் காரை ஒரு சுற்று சுற்றிவந்தார். கருப்புப் பலகையில் மஞ்சள் எழுத்தில் நம்பர் இருந்தது. வாடகைக்கு விடுகிற வண்டிக்கு அப்படித்தான் பலகை. யாரோ ஒருவர், "இதென்ன அண்ணாச்சி, பலகை கருப்பாட்டு இருக்கு?" என்று கேட்டார். யேசுரத்தினம் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் ஸ்டெனி சொல்லிவிட்டார்:

"கல்ஃபுல இருந்து வந்தவங்களுக்குத் தனி நம்பராக்கும். ஒரு இருவது வருசம் அங்க இருந்தாத்தான் கெடைக்கும். இருவத்து நாலுன்னா சும்மாவா."

அவ்வளவுதான். கருப்புப் பலகை அன்றைக்கே மெடல் ஆகிவிட்டது.

ஆராதனை முடிந்து வெளியே வந்தால், காரைச் சுற்றி முப்பது பேர். நடுவில் போதகர். இங்கே யாராவது புது வண்டி எடுத்தால் போதகர் அதன் மேல் கைவைத்து ஜெபிக்காமல் அது ரோட்டில் ஓடாது. சைக்கிளுக்கும் உண்டு, ஜேசிபிக்கும் உண்டு. போதகர் ஏற்கனவே பானெட்டில் கை வைத்தாயிற்று.

"ஐயா, இது வந்து…" என்றார் யேசுரத்தினம்.

"தாழ்மையெல்லாம் நல்லதுதான். ஆனா எதுக்கும் ஒரு அளவு வேணும் யேசுரத்தினம். இவ்வளவு காலம் ஊரார் வண்டிய ஓட்டினீரு. இப்ப ஒமக்குன்னு ஒண்ணு. ஜெபிப்போமா?"

முப்பது பேரும் கண்ணை மூடினார்கள். கண்ணை மூடியிருக்கிற முப்பது பேரிடம் ஒரு மனிதன் என்னத்தைச் சொல்ல? நேசபாய் எல்லோருக்கும் முன்னாலேயே மூடிவிட்டாள். இந்த வாகனத்தில் ஏறுகிறவர்கள் யாராக இருந்தாலும் சுகமாய்ப் போய்ச் சேரவேண்டும் என்று போதகர் உருக்கமாக வேண்டினார். சிமெண்ட் ஏஜெண்டும், மண்டைக்காட்டுக்குப் போகிற பொங்கல் பானையும் அதில் அடக்கம் என்று அவருக்குத் தெரியாது. ஜெபம் வீணாகப் போகவில்லை என்றே சொல்லவேண்டும்.

கடைசியில் யேசுரத்தினம் "ஆமென்" என்றார். அவர் பொய் சொன்னாரா? இல்லை. அந்தக் கார் தன்னுடையது என்று அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்ததில்லை. ஆமென் மட்டும்தான் வந்தது. ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது. முப்பது பேர் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்த பார்வையில் மனிதர் குளிர்ந்துபோனார். இருபத்துநாலு வருஷம் காரில் முன்னால் உட்கார்ந்தவரை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. வீட்டுக்குத் திரும்புகிற வழியில் தேவையே இல்லாமல் இரண்டு தடவை ஹாரன் அடித்தார்.

ஸ்டெனி எடுத்த போட்டோ அன்று மாலையே சபை வாட்ஸப்பில் வந்தது. அதற்குப் பிறகு அந்த வெள்ளைக் காரை விட்டால் வேறு வழியில்லை. திங்கட்கிழமையே அடுத்த ஞாயிறுக்குப் பதிந்துவைப்பார். ஒரு வாரம் அது கிடைக்காமல் சிவப்புக் கார்தான் கிடைத்தது. வாசலில் சிவப்பைப் பார்த்ததும் நேசபாய் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

"எனக்குக் காய்ச்சலு. இதுல போனா ரெண்டாவது காரும் வாங்கியாச்சுன்னு ஆயிரும். ஊரு கண்ணு நல்லதில்ல."

கிழமை நாட்களில் கார் எங்கே என்று அக்கம்பக்கம் கேட்டதற்கும் அவளிடம் பதில் தயாராக இருந்தது. "இங்க கடக்காத்துல்லா. உப்பு அடிச்சு ரெண்டு மாசத்துல துரு ஏறிரும். நாகர்கோயில்ல தங்கச்சி வீட்டு ஷெட்டுல போட்டிருக்கு." கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள். ஒருவர் தன்னுடைய காரையும் அங்கே போட இடம் இருக்குமா என்று விசாரித்தார்.

இந்த நிலைமையில்தான் சம்பந்தம் வந்தது. ஸ்டெனிதான் கொண்டுவந்தார். மணவாளக்குறிச்சியில் குளோரி டீச்சர், ரிட்டயர் ஆனவர், கணவர் இல்லை. ஒரே மகன் சிஜின் திருவனந்தபுரத்தில் கம்ப்யூட்டர் வேலை. பையன் பார்க்க லட்சணம், அதிர்ந்து பேசமாட்டான். ஜினிஷாவுக்குப் பிடித்தது. பிடித்தது என்று சாதாரணமாகச் சொல்லிவிட முடியாது. மூன்று சம்பந்தத்தை வேண்டாம் என்று சொன்ன பெண், இந்தப் பையனோடு போனில் பேசிக்கொண்டே முற்றத்தில் நடந்து முருங்கை மரத்தில் முட்டிக்கொண்டாள். மகள் அப்படிச் சிரித்து யேசுரத்தினம் பார்த்ததில்லை. இது நடக்கவேண்டும், எது கெட்டாலும் இது கெடக்கூடாது என்று மனிதர் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டார்.

உறுதி பேச்சு அன்றைக்குக் குளோரி டீச்சர் தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னாள்:

"அண்ணே, நாங்க ஒண்ணும் கேக்கமாட்டோம். நகை எவ்வளவு, இடம் எங்கன்னு வாயத் தொறக்கமாட்டோம். ஒங்க பிள்ள, நீங்க பாத்துச் செய்வியோ. அந்த வெள்ளக் காரு மட்டும் பிள்ள கூட வந்தாப் போதும். புதுசு வேண்டாம். அதே காரு. போதகர் ஜெபிச்ச வண்டில்லா, அதுல ஒரு ஆசீர்வாதம் உண்டும்."

மேசைக்கடியில் நேசபாயின் கால் யேசுரத்தினத்தின் காலை மிதித்தது. வலி இருக்கிற கால் என்று சொல்லமுடியாத அழுத்தம். அவர் வாயைத் திறந்தார், மூடினார். மூடியதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஸ்டெனி ஒரு சின்ன ஜெபம் செய்தார். எல்லோரும் ஆமென் என்றார்கள். யேசுரத்தினமும் சொன்னார்.

அவர்கள் போனபிறகு ஜினிஷா அப்பாவின் முன்னால் வந்து நின்றாள்.

"ஏம்பா சொல்லல்ல?"

"சொல்லுவேன் மக்கா."

"நீங்களா சொல்லணும். வேற யாரு சொன்னாலும் சரியாவாது. நாளு போகப் போக கஷ்டமாட்டு ஆயிரும் பாத்துக்கிடுங்க."

"எளவு, நான் என்ன வேணும்னா செஞ்சேன்?" என்று அவர் எரிந்து விழுந்தார். ஆனால் மகள் சொன்னது சரி என்று அவருக்குத் தெரியும். இரண்டு ராத்திரி தூக்கம் இல்லை. மூன்றாவது நாள், ஒரு சனிக்கிழமை, நேசபாயிடம் சொல்லாமல் பஸ் ஏறி மணவாளக்குறிச்சிக்குப் போனார். வேண்டுமென்றேதான் பஸ்ஸில் போனார்.

குளோரி டீச்சர் வாசலுக்கு வந்து அவருக்குப் பின்னால் ரோட்டை எட்டிப் பார்த்தாள்.

"காரு எங்க அண்ணே?"

"அதச் சொல்லத்தான் வந்தேன் சம்மந்தி. அது எனக்க காரு இல்ல. வாடகை வண்டி. மணி நேரத்துக்கு எடுக்கிறது."

குளோரி டீச்சர் சிரித்தாள். ரொம்ப நேரம் சிரித்தாள். உள்ளே உட்காரவைத்து மிக்சரும் வாழைப்பழமும் கொண்டுவந்து வைத்தாள். சிஜின் விடுமுறைக்கு வந்திருந்தான். ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

யேசுரத்தினம் தன்னுடைய போனை எடுத்து 'ஓட்டிக்கோ'வைத் திறந்து காட்டினார். டீச்சர் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"இப்ப எல்லாப் புது வண்டிக்கும் போன்ல இது உண்டு. எனக்க நாத்தனார் மகன் வண்டிக்கும் இருக்கு. வீட்டுல இருந்தே ஏசி போடுவான்."

"சம்மந்தி, அந்தக் கருப்புப் பலகையப் பாத்தியளா? வாடகை வண்டிக்குள்ளதாக்கும் அது."

"அது கல்ஃபுல இருந்து வந்தவங்களுக்குள்ளதுன்னு எனக்குத் தெரியும். ஸ்டெனி சொன்னாரு." டீச்சரின் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. "ஏன் அண்ணே, வாடகை வண்டிக்குப் போதகர் கைவெச்சு ஜெபிப்பாவளா? போட்டோ எனக்க போன்ல இருக்கு. நீங்க கண்ண மூடி நிக்கியோ. காட்டவா?"

"அது… அன்னைக்கு எல்லாரும் கூடிட்டாவ. எனக்குச் சொல்ல முடியாமப் போச்சு."

"அண்ணே, முப்பத்தி ரெண்டு வருசம் பிள்ளையளுக்குப் பாடம் எடுத்தவளாக்கும் நான். வீட்டுப்பாடம் செய்யாம வந்த பிள்ளைய மூஞ்சியப் பாத்தே சொல்லிருவேன். குடுக்க மனசில்லன்னா நேரா மனசில்லன்னு சொல்லணும். பஸ்ஸுல வந்து எறங்கி நாடகம் போடக்கூடாது. மண்டைக்காடு வரைக்கும் சொந்தக்காரங்க கிட்டயெல்லாம் நான் சொல்லியாச்சு, எனக்க மருமகள் வெள்ளக் காருல வருவான்னு. எனக்கும் ஒரு மானம் உண்டுல்லா."

அந்த வார்த்தை யேசுரத்தினத்துக்குச் சுருக்கென்று பட்டது. ஊரை நம்பவைக்க அவர் ஒன்றுமே செய்யவில்லை, நம்பினார்கள். இப்போது உண்மையை நம்பவைக்கப் பஸ் ஏறி வந்து, போனைக் காட்டி, கெஞ்சியாயிற்று, ஒருத்தி நம்பமாட்டேன் என்கிறாள். இனி கார் இல்லாதவர் என்ற பேர்கூட இல்லை, கார் இருந்தும் கொடுக்காத கஞ்சன் என்றாகிவிட்டது. அவர் உதவிக்கு சிஜின் பக்கம் பார்த்தார். பையன் ஒரு தடவை நிமிர்ந்தான். பிறகு போனுக்குத் திரும்பிவிட்டான். சின்னப் பிள்ளை, பெரியவர்கள் பேசுகிற இடத்தில் என்னத்தைச் சொல்வான் என்று யேசுரத்தினம் தன்னைத் தேற்றிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் நேசபாய் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு யோசனை சொன்னாள்.

"கல்யாணம் முடியட்டும். அன்னைக்கு மட்டும் அந்தக் காரு முத்தத்துல நிக்கணும். மறுநாளு களவு போச்சுன்னு சொல்லிருவோம்."

"போலீஸ் வருமே ஏட்டி!"

"வந்தா வரட்டும். கார்தான் எங்கயும் போவல்லியே, கெடைச்சிரும்."

இந்தப் பெண்பிள்ளையோடு இத்தனை வருஷம் எப்படிக் குடும்பம் நடத்தினோம் என்று யேசுரத்தினத்துக்கே ஆச்சரியமாக இருந்தது. எழுந்து முற்றத்துக்குப் போனார்.

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு சபையில் அறிவிப்பு வாசிப்பார்கள். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் விவாகம் நிச்சயித்திருக்கிறது, இதற்குத் தடை ஏதாவது அறிந்தவர்கள் சபையில் தெரிவிக்கலாம் என்று போதகர் கேட்பார். கேட்டுவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுவார். அந்தப் பக்கம் புரளுகிற நேரம்தான் தடை சொல்ல உள்ள நேரம். நூறு வருஷத்துக்கும் மேலான இந்தச் சபையில் அந்த நேரத்துக்குள் யாரும் எழுந்ததாகச் சரித்திரம் கிடையாது. முதல் ஞாயிறு பக்கம் புரண்டது. இரண்டாவது ஞாயிறும் புரண்டது. யேசுரத்தினம் இரண்டு தடவையும் பெஞ்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மூன்றாவது ஞாயிறு குளோரி டீச்சரும் சிஜினும் இந்தக் கோயிலுக்கே வந்தார்கள். ஆராதனை முடிந்து பெண் வீட்டில் சாப்பாடு. கோயில் வாசலில் வெள்ளைக் கார் துடைத்துப் பளபளப்பாக நின்றது. டீச்சர் ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே அதைப் பார்த்துவிட்டாள். பக்கத்தில் போய்க் கதவைத் தடவிப் பார்த்துவிட்டு, யேசுரத்தினத்தைப் பார்த்து, "நம்ம வண்டிய நல்லாத்தான் வெச்சிருக்கியோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். நம்ம வண்டி!

போதகர் மூன்றாவது தடவையாக வாசித்தார். "…தடை ஏதேனும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம்." பக்கத்தைப் பிடித்தார்.

"எனக்கு ஒரு தடை உண்டு ஐயா."

போதகருக்குக் குரல் எங்கிருந்து வருகிறது என்று பிடிபடவில்லை. ஆண்கள் பக்கம் நாலாவது பெஞ்சில் யேசுரத்தினம் நின்றுகொண்டிருந்தார்.

"யேசுரத்தினமா? இது ஒம்ம மகளுக்குள்ள அறிவிப்பு ஓய்."

"தெரியும் ஐயா. அதனாலதான் சொல்லுகேன். வெளிய நிக்கிற காரு எனக்க காரு இல்ல. வாடகை வண்டி. நாகர்கோயில்ல போயி எடுத்திட்டு வருவேன், மூணு மணிக்குத் திருப்பி விடணும். நீங்க ஜெபிச்ச அன்னைக்கே சொல்லணும்னு வாயத் தொறந்தேன். எல்லாரும் கண்ண மூடிட்டாவ. அஞ்சு மாசமாட்டு நானும் மூடிட்டேன். எனக்கு அது நல்லாவும் இருந்துச்சு ஐயா, அதையும் சொல்லிருதேன். தனியாட்டுப் போயிச் சொன்னேன், நம்பல்ல. நீங்க ஜெபிச்சதுனால நம்பல்ல. ஜெபிச்ச எடத்துலயே சொன்னாத்தான் நம்புவாவ. எனக்க பிள்ள கூட அந்தக் காரு வராது. அத அறிஞ்சு வேணும்னா தாலி கெட்டட்டும்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள், யாரோ அதட்டினார்கள். நேசபாய் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். போதகர் தன்னுடைய வலது உள்ளங்கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். வாடகை வண்டியின் பானெட்டில் வைத்த கை. பிறகு தொண்டையைச் செருமினார்.

"காரு இல்லாதது விவாகத்துக்குத் தடையாகாது. நீரு இரியும்."

"ஆகும் ஐயா."

குளோரி டீச்சர் எழுந்து நின்றாள்.

"காருக்காவச் சொல்லல்ல. அதத் தப்பா எடுக்கக்கூடாது. சபைய ஏமாத்தி, ஒங்களையும் ஏமாத்தி, பொய்யில தொடங்கின ஒறவு வேண்டாம்னு சொல்லுகேன். எனக்கு உண்மைதான் பெருசு."

உண்மையைத் தேடிப் போய்க் கொடுத்தபோது மிக்சரோடு சேர்த்துத் திருப்பி அனுப்பியவள் சொல்கிறாள் இதை! யேசுரத்தினத்துக்கு நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் அவர் டீச்சரைப் பார்க்கவில்லை. எல்லோரும் சிஜினைப் பார்த்தார்கள், அவரும் பார்த்தார். ஏலே, இப்ப ஒரு வார்த்தை சொல்லு, ஒரே ஒரு வார்த்தை போதும் என்று அவர் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. சிஜின் பாட்டுப் புத்தகத்தைத் திறந்தான். எந்தப் பாட்டும் அறிவித்திருக்கவில்லை. இருந்தும் பக்கம் பக்கமாகத் தேடினான்.

"ஐயா, எனக்கும் ஒரு தடை உண்டு."

பெண்கள் பக்கத்தில் ஜினிஷா எழுந்திருந்தாள். போதகர் இப்போது புத்தகத்தை மூடியே வைத்துவிட்டார்.

"சொல்லு மக்கா."

"அது வாடகைக் காருன்னு இவருகிட்ட நான் மொத வாரமே சொன்னேன். அதெல்லாம் ஒரு விசயமே இல்ல, அம்மைகிட்ட நான் பேசிக்கிடுதேன்னு சொன்னாரு. எங்கப்பா மணவாளக்குறிச்சிக்குப் போயிக் கெஞ்சினப்ப இவரு அங்கதான் இருந்தாரு. இப்ப இங்கயும் இருக்காரு." அவள் சிஜின் பக்கம் கை நீட்டினாள். "அதாக்கும் எனக்குள்ள தடை."

உட்கார்ந்துவிட்டாள். குளோரி டீச்சர் மகனைத் திரும்பிப் பார்த்த பார்வையில், வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளையை இத்தனை நாளும் வீட்டிலேயே கண்டுபிடிக்காமல் விட்டது தெரிந்தது. போதகருக்கு வேறு வழி தோன்றவில்லை. புத்தகத்தைத் திறந்து, "பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம் இன்று மாலை நாலு மணிக்கு" என்று அடுத்த அறிவிப்பை வாசித்தார்.

ஆராதனை முடிந்ததும் டீச்சரும் மகனும் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ஆட்டோ பிடித்தார்கள். வெளியே காரைச் சுற்றி அன்றைக்குப் போலவே கூட்டம். ஆனால் யாரும் பக்கத்தில் வரவில்லை. ஸ்டெனி மட்டும் மெதுவாக வந்து, காதோடு காதாக, "அண்ணாச்சி, அந்தப் போன் சமாச்சாரத்துக்குப் பேரு என்னன்னு சொன்னியோ? எனக்க மச்சினன் வாராம்லா, ரெண்டு நாளு எடுக்கலாம்னு பாக்கேன்" என்றார். யேசுரத்தினம் அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பெயரைச் சொன்னார்.

நேசபாய் பின்சீட்டில் ஏறி ஓவென்று அழுதாள். ஜினிஷா முன்னால் ஏறிக் கதவைச் சாத்தினாள். கார் கோயில் வளாகத்தைத் தாண்டி, வயல் ரோட்டில் இறங்கியது. யேசுரத்தினத்துக்கு மகள் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை. அவள் சிரித்துக்கொண்டு முற்றத்தில் நடந்த நாட்களை எல்லாம் தானே கெடுத்துவிட்டதாக அவருக்கு நெஞ்சு எரிந்தது.

"நான் பாவி மக்கா. அன்னைக்கு அவிய காரு கேட்டப்பவே பட்டுன்னு சொல்லியிருந்தா இப்பிடி ஆயிருக்காது."

"ஆமாப்பா. அன்னைக்கே நீங்க சொல்லியிருந்தா, அவிய அம்மை ரெண்டு நாளு மூஞ்சியத் தூக்கி வெச்சிட்டுச் சமாதானம் ஆயிருப்பாவ. நானும் இவரு நல்லவருன்னு நெனச்சுக் கெட்டியிருப்பேன்."

யேசுரத்தினம் காரை ஓரமாக நிறுத்தினார்.

"அழணும் போல இருக்கா மக்கா?"

"இருக்கு. மூணு மாசம் பேசின ஆளுல்லா, இருக்காதா பின்னே" என்று சொல்லி அவள் அழத் தொடங்கினாள். அவர் போனை எடுத்து, 'ஓட்டிக்கோ'வில் மூன்று மணி என்று இருந்ததை ஆறு மணி என்று மாற்றிவிட்டு, மகள் அழுது முடிக்கும்வரை வண்டியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.